ஊரில் கிளினிக் இல்லாதவர்களுக்கு: பாலியல் நோய்ப் பரிசோதனை பற்றிய வாசகர் கேள்விகள்

இம்முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேற்பட்டவை கொழும்பில் வேலை செய்பவர்கள் எழுதியவை. ஆனால் அவர்களுடைய வீடு மலையகத்திலோ வன்னியிலோ கிழக்குக் கரையிலோ இருக்கிறது. எங்கே போவது என்று எல்லோரும் கேட்டிருக்கிறார்கள். எப்போது போவது, எதைப் பரிசோதிப்பது என்று ஏறக்குறைய ஒருவரும் கேட்கவில்லை. இவ்விரண்டும் தெளிவானால்தான் இடத்தைச் சரியாகத் தெரிவு செய்ய முடியும் என்பதால், பதில்களில் அவற்றுக்கே முதலிடம் கொடுத்திருக்கிறேன்.

டொக்டர், எனக்கு 24 வயது. ஹட்டனுக்கு அண்மையிலுள்ள தோட்டமொன்று என் ஊர். புறக்கோட்டையில் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறேன். ஐந்து வாரங்களுக்கு முன் ஆணுறை இல்லாமல் ஒரு முறை உறவு கொண்டேன். எந்த வருத்தமும் இல்லை. தீபாவளிக்கு ஊருக்குப் போகும்போது அங்கேயே பார்த்துக்கொள்ளலாமா? ஆனால் தோட்டத்து டிஸ்பென்சரியில் என் சித்தப்பா வேலை செய்கிறார்.

தீபாவளி வரை காத்திருக்க வேண்டாம். ஊருக்குப் போய்த்தான் பார்க்க வேண்டும் என்ற அவசியமும் இல்லை. தேசிய பாலியல் நோய் மற்றும் எயிட்ஸ் கட்டுப்பாட்டு நிகழ்ச்சித்திட்டத்தின் மத்திய கிளினிக் கொழும்பு 10, டி சேரம் பிளேஸ், 29ஆம் இலக்கத்தில் இருக்கிறது; நீங்கள் வேலை செய்யும் இடத்திலிருந்து அது தொலைவில் இல்லை. அங்கு வேறொரு வைத்தியரின் கடிதமோ, கிராம உத்தியோகத்தரின் சான்றிதழோ தேவையில்லை, கட்டணமும் இல்லை. நாட்டின் எந்த மாவட்டத்தைச் சேர்ந்தவரும் எந்த மாவட்டத்து அரச கிளினிக்குக்கும் போகலாம். இது பலருக்குத் தெரியாததால், தெரிந்த முகங்கள் நிறைந்த ஊர் வைத்தியசாலைக்குப் போகக் கூசி, கடைசியில் எங்குமே போகாமல் இருந்துவிடுகிறார்கள்.

அங்கு உங்களுக்கு ஓர் இலக்கம் தரப்படும். அதன் பின்னர் அந்த இலக்கத்தைக் கொண்டே உங்களைக் கூப்பிடுவார்கள். வைத்தியர் தனியறையில் சில கேள்விகளைக் கேட்பார்: கடைசியாக எப்போது, எவ்வகையான உறவு, ஆணுறை இருந்ததா, அண்மையில் ஏதாவது மாத்திரை குடித்தீர்களா என்பன போன்றவை. இவை உங்கள் நடத்தைக்குப் புள்ளி போடுவதற்காகக் கேட்கப்படுபவை அல்ல, எந்தப் பரிசோதனையை எந்த இடத்திலிருந்து எடுப்பது என்பதைத் தீர்மானிப்பதற்காகவே கேட்கப்படுபவை. ஆகவே மறைக்காமல் சொல்லுங்கள்.

இனிக் காலக் கணக்கு. கொனோரியா, கிளமிடியா ஆகிய இரண்டு பாலியல் தொற்றுகளையும் உறவு கொண்டு சுமார் இரண்டு வாரங்களின் பின் நம்பகமாகக் கண்டறியலாம் என்பதால் அவற்றுக்கு இப்போதே போகலாம். எச்.ஐ.வி.யைப் பொறுத்தவரை, நான்காம் தலைமுறைப் பரிசோதனை எனப்படும் ஆய்வுகூட இரத்தப் பரிசோதனை 45 நாட்களில் உறுதியான முடிவைத் தரும். ஐந்து வாரங்களில் அது 'இல்லை' என்று காட்டினால் ஓரளவு நிம்மதி அடையலாமே தவிர, கதை முடிந்துவிட்டது என்று எண்ணக் கூடாது. சிபிலிசுக்கு 90 நாட்கள் வரை காத்திருக்க வேண்டும். எனவே இப்போது ஒரு முறையும் மூன்று மாதங்கள் நிறைந்த பின் ஒரு முறையும் போங்கள். இடைப்பட்ட காலத்தில் ஆணுறையைக் கைவிடாதீர்கள்.

தோட்டத்து டிஸ்பென்சரி காய்ச்சலுக்கும் காயத்துக்கும் உதவும். இதற்குரிய இடம் அதுவல்ல, உங்கள் சித்தப்பா அங்கு இல்லாவிட்டாலும் கூட. பிற்காலத்தில் மலையகத்திலேயே பார்க்க வேண்டி வந்தால் நுவரெலியா, கண்டி, பதுளை ஆகிய இடங்களில் அரச கிளினிக்குகள் உள்ளன. மொழி பற்றியும் ஒரு வார்த்தை: சிங்களம் சரளமாக வராது என்பதற்காக உறவினரையோ நண்பரையோ மொழிபெயர்க்க அழைத்துப் போகாதீர்கள். தமிழ் பேசும் தாதியொருவர் இருக்கிறாரா என்று பதிவு செய்யும் இடத்திலேயே கேளுங்கள்; கூட்டிப்போன ஆளிடமிருந்துதான் பெரும்பாலும் விடயம் வெளியே போகிறது.

எனக்கு 31 வயது. மன்னார்ப் பக்கம் ஒரு கிராமம். கணவர் கட்டாரில் மூன்று வருடம் இருந்து திரும்பினார். அவர் வந்து இரண்டு மாதத்தில் எனக்கு வெள்ளைபடுதல் கூடிவிட்டது. பார்மசியில் மாத்திரை வாங்கிக் குடித்தேன். குறைந்து திரும்பவும் வந்துவிட்டது. கணவரோ, "மெடிக்கலில் பாஸ் ஆகித்தானே போனேன்" என்கிறார். நான் மிட்வைஃப் மிஸ்ஸிடம் சொல்லலாமா?

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறேன்: வெள்ளைபடுதல் எல்லாம் பாலியல் நோயல்ல. பூஞ்சைத் தொற்று, யோனியில் இயல்பாக வாழும் நுண்ணுயிர்களின் சமநிலை குலைதல் என்பன கணவன் ஊரில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வரக்கூடியவை. ஆகவே பரிசோதனை முடிவு வரும்வரை கணவர் மீது குற்றம் சுமத்தவும் வேண்டாம், அவருடைய பதிலில் திருப்தியடையவும் வேண்டாம்.

வளைகுடா நாடுகளுக்குப் போவோருக்கான மருத்துவப் பரிசோதனையில் எச்.ஐ.வி., ஈரல் அழற்சி பி மற்றும் சி, சிபிலிஸ், காசநோய் ஆகியவை பார்க்கப்படுகின்றன. கொனோரியாவும் கிளமிடியாவும் அதில் இல்லை. அத்துடன் அது அவர் புறப்படுவதற்கு முன் எடுத்தது. மூன்று வருடங்களுக்கு முந்தைய சான்றிதழ் இன்றைய நிலையைச் சொல்லாது.

பார்மசி மாத்திரையால் இரண்டு தீங்குகள் நேர்கின்றன. அறிகுறி தற்காலிகமாக அடங்குவதால் பரிசோதனையில் கிருமி அகப்படாமல் போகலாம். அரைகுறையாகக் குடித்த அன்டிபயோடிக், கிருமியை மருந்துக்குப் பழக்கப்படுத்தியும் விடலாம். கொனோரியா கிருமி சிப்ரொஃபுளொக்சசின் போன்ற மருந்துகளுக்கு ஏற்கெனவே பெருமளவில் அடங்காததாகிவிட்டது. கிளமிடியாவின் ஆபத்து வேறு விதமானது: பெரும்பாலான பெண்களிடம் அது எந்த அறிகுறியும் காட்டாது, கவனியாது விட்டால் சினைமுட்டையைக் கருப்பைக்குக் கொண்டுசெல்லும் பலோப்பியன் குழாய்கள் பாதிக்கப்பட்டு, பிற்காலத்தில் கருத்தரிப்பது கடினமாகலாம், அல்லது கரு குழாயிலேயே தங்கிவிடலாம்.

மிட்வைஃபிடம் தாராளமாகச் சொல்லலாம். எங்கே போவது என்று வழிகாட்டுவதும் அவருடைய வேலைதான். அவர் உங்களைச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் சுகவனிதையர் கிளினிக்குக்கு அனுப்பக்கூடும். அங்கு போவது நல்லது, ஆனால் அங்கு எடுக்கப்படும் பப் பரிசோதனை கருப்பைக் கழுத்துப் புற்றுநோயின் முன்நிலையைக் கண்டறிவதற்கானது. "பப் எடுத்தேன், ஒன்றுமில்லை என்றார்கள்" என்பதால் பாலியல் தொற்று இல்லை என்று ஆகாது. உங்கள் கேள்விக்கு விடை தரக்கூடியது மன்னார் வைத்தியசாலையின் பாலியல் நோய்க் கிளினிக். அங்கு தெரிந்தவர்கள் இருப்பார்கள் என்று தயங்கினால் வவுனியாவுக்கோ யாழ்ப்பாணத்துக்கோ போங்கள். புறப்படுவதற்கு முன் தொலைபேசியில் நாளையும் நேரத்தையும் உறுதிசெய்துகொள்ளுங்கள். சிறிய ஊர்களில் வைத்தியர் எல்லா நாளும் இருப்பதில்லை, இரண்டு பஸ் மாறிப் போய்த் திரும்பி வந்தவர் மறுமுறை போகமாட்டார். மாதவிடாய் முடிந்த நாட்களில் போனால் மாதிரி எடுப்பது எளிது. குடித்த மாத்திரையின் அட்டையையும் எடுத்துச் செல்லுங்கள்.

தொற்று உறுதியானால் இருவரும் ஒரே காலத்தில் மருந்து எடுக்க வேண்டும், இல்லையேல் மீண்டும் தொற்றிக்கொள்ளும். கணவரிடம் எப்படிப் பேசுவது என்பதற்கும் கிளினிக்கில் உதவி கேட்கலாம்; உங்கள் சம்மதமில்லாமல் அவர்கள் அவரைக் கூப்பிடமாட்டார்கள்.

தனியார் லேப் ஒன்றில் 'முழுப் பாலியல் பரிசோதனை' என்று ஒரு பக்கேஜ் விளம்பரம் பார்த்தேன். அது அரச கிளினிக்கை விட நல்லதா?

பக்கேஜில் என்னென்ன இருக்கின்றன என்று கேட்டு எழுதி வாங்குங்கள். இரத்தப் பரிசோதனைகள் மட்டும் இருந்தால் அது முழுமையானதல்ல. கொனோரியாவையும் கிளமிடியாவையும் சிறுநீரிலோ, பஞ்சுக் குச்சியால் எடுக்கும் மாதிரியிலோதான் தேட வேண்டும். ஹெர்பிஸ் இரத்தப் பரிசோதனை சேர்க்கப்பட்டிருந்தால், அறிகுறியில்லாத ஒருவருக்கு அது விடையை விடக் குழப்பத்தையே அதிகம் தரும் என்பது என் அனுபவம். லேப் உங்களுக்கு ஒரு தாளைத் தரும். அதை வாசித்து மருந்து தருவதற்கு எப்படியும் ஒரு வைத்தியர் தேவை. காசு கொடுத்தால்தான் இரகசியம் காக்கப்படும் என்ற எண்ணத்தைத் தவிர இதற்கு வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. அரச கிளினிக்குக்கே போக விரும்பாதவர்களுக்குக் கொழும்பில் இலங்கைக் குடும்பத் திட்டமிடல் சங்கத்தின் சிகிச்சை நிலையமும் உண்டு.

இரத்ததானம் செய்தால் எல்லாவற்றையும் இலவசமாகப் பரிசோதித்துவிடுவார்களாமே?

தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். தானமாகக் கிடைக்கும் இரத்தம் பரிசோதிக்கப்படுவது உண்மை. ஆனால் தொற்றிய புதிதில் எந்தப் பரிசோதனையும் அதைக் காட்டாத சில நாட்கள் உண்டு. உங்கள் சந்தேகத்தின் விலையை விபத்தில் அடிபட்ட இன்னொருவர் கொடுக்க நேரும்.

நேற்றிரவு ஆணுறை கிழிந்துவிட்டது. எப்போது டெஸ்ட் எடுக்க வேண்டும்?

இத்தகைய கேள்வியை எழுதிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கக் கூடாது என்பதற்காகவே இதைப் பிரசுரிக்கிறேன். இங்கு பரிசோதனையை விட மருந்து முந்த வேண்டும். எச்.ஐ.வி. ஆபத்து இருக்கக்கூடிய உறவு எனில், 72 மணித்தியாலங்களுக்குள் தடுப்பு மருந்தைத் தொடங்கி 28 நாட்கள் குடிக்க வேண்டும். எவ்வளவு விரைவாகத் தொடங்குகிறோமோ அவ்வளவுக்குப் பயன் கூடும். கிராமத்தில் இருப்பவர்கள் கிளினிக் திறக்கும் நாளுக்காகக் காத்திராமல் மாவட்டப் பொது வைத்தியசாலையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு இரவிலேயே போக வேண்டும். கருத்தரிப்பைத் தடுக்கும் அவசர மாத்திரை பார்மசியிலேயே கிடைக்கும். அதையும் 72 மணித்தியாலங்களுக்குள், கூடுமானவரை முதல் நாளிலேயே குடிக்க வேண்டும்.

பலாத்காரத்துக்கு உள்ளானவர்களும் இதே கால எல்லைக்குள் வைத்தியசாலைக்குப் போக வேண்டும். உடலைக் கழுவாமல், உடுத்திருந்த உடையுடனோ அதைத் தனியாக எடுத்துக்கொண்டோ போனால் சட்ட வைத்திய அதிகாரியின் பரிசோதனைக்கு உதவும். பெரிய வைத்தியசாலைகளில் சிங்களத்தில் 'மிதுரு பியச' என்றும் தமிழில் 'நட்பு நிலையம்' என்றும் அழைக்கப்படும் பிரிவில் பெண்களுக்கு ஆதரவும் ஆலோசனையும் கிடைக்கும்.

கிளிநொச்சியில் இருக்கிறேன். வீட்டிலேயே செய்யும் எச்.ஐ.வி. பரிசோதனைப் பெட்டி பற்றிக் கேள்விப்பட்டேன். நம்பலாமா?

நம்பலாம், அதன் எல்லை தெரிந்தால். வாய் ஈறைத் துடைத்தெடுக்கும் வகையானது 20 நிமிடங்களில் விடை சொல்லும். தேசிய நிகழ்ச்சித்திட்டத்தின் 'நோ ஃபோர் ஷுவர்' இணையத்தளத்தில் அதைப் பெறுவது பற்றியும் கிளினிக்கில் நாள் ஒதுக்குவது பற்றியும் பார்க்கலாம். உறவு கொண்டு 90 நாட்கள் நிறைந்த பின் ஒரு கோடு மட்டும் விழுந்தால் 'இல்லை' என்று கொள்ளலாம். அதற்கு முன் விழும் ஒற்றைக் கோட்டுக்கு அவ்வளவு மதிப்பில்லை. இரண்டு கோடுகள் விழுந்தாலும் அது இறுதி முடிவல்ல: கிளினிக்கில் இரத்தம் கொடுத்து உறுதிசெய்த பின்னரே நோய் இருப்பதாகச் சொல்ல முடியும். உறுதியானாலும் மருந்து இலவசம். ஒழுங்காகக் குடித்து இரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து அப்படியே நீடித்தால், உறவின் மூலம் பிறருக்குத் தொற்றாது.

இந்தப் பெட்டி எச்.ஐ.வி. ஒன்றையே பார்க்கிறது என்பதையும், ஏற்கெனவே எச்.ஐ.வி. மருந்தோ தடுப்பு மருந்தோ குடிப்பவர்களுக்கு இது ஏற்றதல்ல என்பதையும் மறக்க வேண்டாம்.

நான் ஓர் ஆண். ஆண்களுடன் மட்டுமே உறவு கொள்கிறேன். மட்டக்களப்பில் இருக்கிறேன். கிளினிக்கில் உண்மையைச் சொன்னால் பொலிசுக்குப் போகுமா?

ஒரே பாலினத்தவரின் உறவைக் குற்றமாகக் கொள்ளும், தண்டனைச் சட்டக் கோவையின் 365, 365ஏ பிரிவுகளை நினைத்துக் கேட்கிறீர்கள் என்று விளங்குகிறது. கிளினிக்கின் வேலை சிகிச்சை. வயதுவந்த இருவர் சம்மதத்துடன் கொண்ட உறவை அது பொலிசுக்கு அறிவிப்பதில்லை. ஆண்களுடன் உறவுகொள்ளும் ஆண்களைத் தேசிய நிகழ்ச்சித்திட்டமே தன் முக்கிய சேவைபெறுநர்களில் ஒரு பிரிவினராகக் கருதுகிறது.

உண்மையைச் சொல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதுதான் என் கவலை. உங்களைச் சாதாரணமாகப் பார்க்கும் வைத்தியர் சிறுநீரும் இரத்தமும் எடுத்து அனுப்பிவிடுவார். தொண்டையிலோ ஆசனவாயிலோ இருக்கும் கொனோரியாவும் கிளமிடியாவும் சிறுநீரில் தெரியாது. அவ்விடங்களில் அவை பெரும்பாலும் வலியும் தருவதில்லை. ஆகவே "அங்கிருந்தும் மாதிரி எடுக்க வேண்டும்" என்று நீங்களே கேளுங்கள். வாயால் சொல்லக் கூச்சமாக இருந்தால் ஒரு துண்டுத் தாளில் எழுதி நீட்டலாம். எச்.ஐ.வி. வராமல் தடுக்க முன்கூட்டியே குடிக்கும் மருந்து பற்றியும் ஈரல் அழற்சி பி தடுப்பூசி பற்றியும் அதே வருகையில் விசாரியுங்கள். துணைகள் மாறுபவர் எனில் மூன்று மாதங்களுக்கு ஒரு முறை போவது நல்லது. ஒவ்வொரு முறையும் அதே கிளினிக்குக்குப் போனால் பழைய முடிவுகளுடன் ஒப்பிட்டுப் பார்க்கலாம், குறிப்பாகச் சிபிலிஸ் விடயத்தில்.

மனைவி கர்ப்பிணி, இரத்தினபுரிப் பக்கத் தோட்டம். கிளினிக்கில் கேட்காமலே எச்.ஐ.வி. டெஸ்ட் எடுத்தார்களாம். எங்கள் மீது சந்தேகமா?

இல்லை. முதல் கர்ப்பகாலக் கிளினிக்கில் எல்லாத் தாய்மாருக்கும் எச்.ஐ.வி., சிபிலிஸ் இரண்டும் பார்க்கப்படுகின்றன. தாயிடமிருந்து பிள்ளைக்கு இவ்விரண்டும் தொற்றுவதை இலங்கை ஒழித்துவிட்டதாக 2019இல் உலக சுகாதார நிறுவனம் சான்றளித்ததற்கு இந்த நடைமுறையே காரணம். என்ன பரிசோதனை என்பதை முன்னரே சொல்லியிருக்க வேண்டும் என்பது நியாயமான குறை. அடுத்த முறை முடிவைக் கேட்டு வாங்கி, கர்ப்பகால அட்டையில் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். நீங்களும் ஒரு முறை பரிசோதித்துக்கொள்வது நல்லது, ஏனெனில் மனைவிக்கு 'இல்லை' என்று வந்த பின் கர்ப்பத்தின் நடுவில் புதிதாகத் தொற்றினால் அந்த முதல் முடிவு பிள்ளையைக் காக்காது.