'தி எக்ஸ்பான்ஸ்' கடைசி இரண்டு சீசன்கள்: கேட்டவர்களுக்குப் பதில்

'தி எக்ஸ்பான்ஸ்' தொடரின் 5, 6-ஆம் சீசன்களைப் பற்றிக் கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தேன், கடலூர், புதுச்சேரி இரண்டு பக்கமிருந்தும் நிறைய வந்துவிட்டது. கடலூரில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் நடத்துகிறேன், இதன் மூலநாவல்கள் ஒன்பதையும் படித்திருக்கிறேன். அதனால் கதையும் கேட்கலாம், கணக்கும் கேட்கலாம். நடிகர்களின் சொந்த விஷயம் கேட்டவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. முடிவு வரைக்கும் பேசப்போகிறேன், பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.

தொடரே தெரியாதவர்களுக்கு: சில நூற்றாண்டுகள் தாண்டிய காலம். பூமி, செவ்வாய் என்று இரண்டு வல்லரசுகள். அவற்றுக்கு அப்பால் சிறுகோள்களில் பனியும் உலோகமும் வெட்டிப் பிழைக்கிற பெல்ட்காரர்கள். 5-ஆம் சீசனில் மார்கோ இனாரோஸ் என்ற பெல்ட் தலைவன் பூமியின் மேல் கற்களைத் தள்ளிவிடுகிறான், 6-ஆம் சீசன் அதற்கப்புறம் நடக்கும் போர்.

*நெல்லிக்குப்பத்திலிருந்து: நாலாவது சீசன் போரடிக்கும் என்கிறார்கள், நேராக 5-க்குப் போகலாமா சார்?*

போகாதீர்கள். மார்கோ முதன்முதலாக வருவதே 4-இல்தான். செவ்வாய் ராணுவச் சரக்கு கள்ளச்சந்தையில் போவதைச் செவ்வாயின் முன்னாள் வீராங்கனை பாபி கண்டுபிடிப்பதும் அதில்தான், அந்தச் சரக்கு எதற்குப் போனது என்பது 5-இல் தெரியும்போது வயிறு கலங்கும். தன்னை எதிர்த்த பெல்ட்காரர் ஆஷ்ஃபோர்டை மார்கோ விண்வெளியில் தள்ளுகிற காட்சியும், ஒரு கல் பூமியை நோக்கிக் கிளம்புவதும் 4-இன் கடைசியில் வருகின்றன. அதைப் பார்க்காமல் 5-ஐப் பார்த்தால் வெறும் வெடிச்சத்தம்தான் கேட்கும்.

*மூன்று பேர், தனித்தனியாக: 7-ஆம் சீசன் எப்போது?*

இதை எழுதும் நாள் வரை அறிவிப்பு எதுவும் இல்லை. முதல் மூன்று சீசனோடு 2018-இல் நிறுத்தினார்கள், ரசிகர்கள் விமானத்தின் வாலில் பேனர் கட்டிப் பறக்கவிட்டுப் போராடி அமேசான் வழியாக இன்னும் மூன்று வாங்கினார்கள். கடைசி சீசன் 2021 டிசம்பர் 10-இல் தொடங்கி ஆறே எபிசோடில் முடிந்தது. நாவலில் 6-ஆம் பாகத்துக்கும் 7-ஆம் பாகத்துக்கும் நடுவில் ஏறக்குறைய 30 வருட இடைவெளி இருக்கிறது, அதனால் அந்த இடத்தில் நிறுத்தியது கதைக்குப் பொருந்துகிறது. ஆறு எபிசோடு போதாது என்ற வருத்தம் எனக்கும் உண்டு.

*விருத்தாசலத்திலிருந்து ஒரு மாணவர்: ஒரு கல் விழுந்து ஊரே அழியுமா? கொஞ்சம் ஓவராக இல்லையா?*

இல்லை தம்பி, கணக்குப் போட்டுப் பார். 30 மீட்டர் விட்டமுள்ள ஒரு பாறையை எடுத்துக்கொள், அதாவது நம் தெருவில் ஐந்தாறு வீட்டை அடைக்கிற அளவு. எடை சுமார் 4 கோடி கிலோ. வினாடிக்கு 20 கி.மீ. வேகத்தில் வந்தால், நிறையில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கு, கிடைப்பது சுமார் 2 மெகா டன் வெடிமருந்தின் ஆற்றல். ஹிரோஷிமா குண்டைப் போல நூறு மடங்குக்கு மேல். வேகம் இரண்டு மடங்கானால் ஆற்றல் நான்கு மடங்கு, மார்கோ நம்பியது இதைத்தான்.

சாதாரணக் கல்லாக இருந்தால் பெரும்பாலும் வானத்திலேயே உடைந்துவிடும். 2013 பிப்ரவரி 15-இல் ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் நகருக்கு மேலே அப்படித்தான் ஆனது. சுமார் 20 மீட்டர் கல், ஏறக்குறைய 30 கி.மீ. உயரத்தில் வெடித்தது, அதற்கே ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்குக் காயம், பெரும்பாலும் ஜன்னல் கண்ணாடி உடைந்து குத்தியது. அது சூரியன் இருக்கிற பக்கமிருந்து வந்ததால் முன்கூட்டி யாருமே பார்க்கவில்லை. தொடரில் செவ்வாயின் மறைப்புப் பூச்சைக் கல்லின் மேல் பூசுகிறார்கள். இயற்கையே ஒரு கல்லை நம் கண்ணிலிருந்து மறைத்து அனுப்பியிருக்கும்போது அந்த யோசனையைத் தள்ளிவிட முடியாது.

கல்லைத் திசைதிருப்ப முடியுமா என்பதற்கும் பதில் வந்துவிட்டது. 2022 செப்டம்பர் 26-இல் நாசாவின் டார்ட் விண்கலம் சுமார் 160 மீட்டர் அகலமுள்ள டைமார்ஃபஸ் என்ற சிறுகோள் மேல் போய் மோதியது. அது தன் பெரிய துணையை ஒருமுறை சுற்ற எடுத்துக்கொண்ட நேரம் அரை மணிக்கும் கூடுதலாகக் குறைந்தது. நம்மைக் காக்கத்தான் அதைச் செய்தார்கள். எதிர்ப்பக்கம் தள்ளினால் அதுவே ஆயுதம்.

*அரியாங்குப்பத்திலிருந்து ஒரு அம்மா: மார்கோவின் பழைய காதலி நவோமி கவச உடை இல்லாமல் விண்வெளியில் குதித்துப் பிழைக்கிறாளே, நம்பலாமா?*

நம்பலாம் அம்மா. வெற்றிடத்தில் உடம்பு வெடிக்காது. 1966-இல் நாசாவின் சோதனை அறையில் ஜிம் லெப்ளாங்க் என்பவரின் உடையில் காற்றுக்குழாய் கழன்றுவிட்டது, சுமார் 14 வினாடியில் மயங்கிவிட்டார். நாக்கில் இருந்த எச்சில் கொதித்துக் குமிழியிட்டதுதான் கடைசி நினைவு என்றார். காற்றை உள்ளே விட்டதும் பிழைத்துக்கொண்டார். நவோமி குதிப்பதற்கு முன் ஆக்சிஜன் ஏற்றிய ரத்த ஊசி போட்டுக்கொள்கிறாள், அது சில வினாடி கூட்டித் தருகிறது. கப்பலுக்குள் வந்து விழுந்ததும் கண் சிவந்து, தோல் வெந்து, மூச்சுக்குத் தவிப்பதை எதையும் அழகுபடுத்தாமல் காட்டினார்கள்.

*திருப்பாதிரிப்புலியூரிலிருந்து: தொடரில் இயற்பியல் தப்பே கிடையாதா?*

உண்டு. சிறுகோள் பட்டையில் இருக்கிற சீரஸைச் சுழற்றிவிட்டு உள்ளே ஈர்ப்பு உண்டாக்கியதாகக் கதை, பூமியில் பத்தில் மூன்று பங்கு. அதற்குச் சுமார் 42 நிமிடத்துக்கு ஒரு சுற்று சுற்ற வேண்டும், இப்போது ஒரு சுற்றுக்கு 9 மணி நேரம். சீரஸின் சொந்த ஈர்ப்பு பூமியில் 3 சதவீதம் கூட வராது, அந்த வேகத்தில் நடுவரைப் பாறையெல்லாம் பிய்த்துக்கொண்டு பறந்துவிடும்.

*கப்பல் ஓட்டுகிற அலெக்ஸை ஏன் அப்படிச் சட்டென்று கொன்றார்கள்?*

நாவலில் அந்த இடத்தில் அவன் சாவதில்லை. ஆனால் அதிவேகத்தில் கப்பலை ஓட்டினால் மூளையில் ரத்தக்குழாய் அடைக்கும் என்று முதல் சீசனிலிருந்தே பயமுறுத்திக்கொண்டு வந்தார்கள். ஒருநாள் நடந்துவிட்டது. எனக்கு அழுகை வந்தது.

*சிதம்பரம்: 7-ஆம் சீசன்?*

மேலே இருக்கிறது.

*மஞ்சக்குப்பத்திலிருந்து: 6-ஆம் சீசன் இழுவை. போர் என்று சொல்லிவிட்டுப் பயிர் கருகுவதையும் பூமியின் தலைவி அவசராலா முகத்தையும் காட்டிக்கொண்டே இருக்கிறார்கள்.*

எனக்கு இந்த சீசன் பிடித்ததே அதனால்தான். மற்ற தொடர்களில் ஒரு நகரம் அழியும், அடுத்த எபிசோடில் நாயகன் வேறு சட்டை போட்டுக்கொண்டு வருவான். இங்கே கல் விழுந்து மாதங்கள் ஆகியும் தூசி அடங்கவில்லை, வெயில் இல்லை, விளைச்சல் இல்லை. அவசராலா கணவர் அர்ஜுனைப் பறிகொடுத்தவர், அந்த இடம் காலியாகவே இருக்கிறது.

நீங்கள் மஞ்சக்குப்பம். 2011 டிசம்பர் 30 விடியற்காலையில் தானே புயல் நமக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையேறியது உங்களுக்கும் நினைவிருக்கும். காற்று அடித்தது ஒரு ராத்திரிதான். மறுவாரம் பண்ருட்டிப் பக்கம் மாமாவின் தோப்புக்குப் போனேன். முந்திரி மரங்கள் வேரோடு ஒரே திசையில் சாய்ந்து கிடந்தன, வேரில் ஒட்டிய செம்மண் இன்னும் ஈரமாக இருந்தது, ஒடிந்த பலாக்கிளையில் பால் வடிந்து காய்ந்திருந்தது. மாமா ஒவ்வொரு மரமாகக் கையை வைத்துப் பார்த்துக்கொண்டே நடந்தார், ஒன்றும் பேசவில்லை. புதுக்கன்று நட்டுக் காய்ப்புக்கு வர எத்தனை வருடம் என்று அவருக்குத் தெரியும். அந்த வருடங்களைத்தான் 6-ஆம் சீசன் காட்டுகிறது. இழுவை என்று சொல்லாதீர்கள்.

*முத்தியால்பேட்டைத் தோழர்: மார்கோவை வில்லனாக்கியது அநியாயம். பெல்ட்காரன் மூச்சுவிடும் காற்றுக்குக்கூட அடுத்தவனை நம்பி இருந்தான். எங்கள் ஊரில் 1936 ஜூலை 30 அன்று ஆலைத் தொழிலாளர் 12 பேரைச் சுட்டுக் கொன்றார்கள், அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்தவனுக்கு மார்கோவின் கோபம் புரியும்.*

கோபம் எனக்கும் புரிகிறது தோழர், தொடரும் அதை மறைக்கவில்லை, ஆண்டர்சன் நிலையப் படுகொலையை முதல் சீசனிலேயே காட்டியது. ஆனால் அந்த ஆலைத் தொழிலாளர்கள் எட்டு மணி நேர வேலை கேட்டு இயந்திரத்தை நிறுத்தினார்கள். முகம் தெரியாத குழந்தைகள் மேல் கல்லைப் போடவில்லை. மார்கோவைப் பற்றி முடிவு செய்ய பூமியைப் பார்க்க வேண்டாம், சீரஸைப் பாருங்கள். எதிரிப்படை வருகிறது என்றதும் அங்கிருந்த உணவையும் தண்ணீரையும் அள்ளிக்கொண்டு, சொந்த ஜனங்களைப் பசியில் விட்டுப் போகிறான். அவர்களுக்குச் சோறு போடும் பாரம் பூமிக்காரன் தலையில் விழட்டும் என்பது திட்டம். அந்த இடத்தில் அவன் எனக்கு முடிந்துபோனான்.

*பாகூரிலிருந்து: அப்போ பெல்ட்காரி டிரம்மருக்குக் கடைசியில் பதவியைக் கொடுத்ததும் ஹோல்டன் என்ற பூமிக்காரன்தானே? அது பிச்சை இல்லையா?*

இது நல்ல அடி, பாதி ஒத்துக்கொள்கிறேன். ஹோல்டன் புதுப் போக்குவரத்துச் சங்கத்தின் தலைவர் பதவியை ஏற்று, அந்த மேஜையிலேயே ராஜினாமா செய்து, துணைத்தலைவரான டிரம்மர் கைக்குப் போகவைத்தான். பெல்ட்காரர்கள் தாங்களே தேர்ந்தெடுத்திருந்தால் இன்னும் நிமிர்ந்து நிற்கும். ஆனால் பிச்சை என்ற சொல்லை ஏற்க மாட்டேன். மார்கோவை எதிர்த்து நின்றதில் குடும்பத்தையே இழந்தவள் டிரம்மர், ஹோல்டன் கொடுத்தது அவள் ஏற்கெனவே சம்பாதித்தது.

*திருபுவனையிலிருந்து: தேர்ந்தெடுப்பது என்றால் கீழூர் மாதிரியா சார்? எங்கள் வீட்டிலிருந்து பக்கம்.*

அதையேதான் நினைத்தேன்! 1954 அக்டோபர் 18, கீழூரில் 178 பிரதிநிதிகள் கூடி 170 பேர் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரி இந்தியாவோடு இணையலாம் என்றார்கள், 8 பேர் வேண்டாம் என்றார்கள். நவம்பர் 1-இல் நிர்வாகம் கைமாறியது. வேண்டாம் என்ற அந்த 8 ஓட்டையும் எண்ணி எழுதினார்களே, பெல்ட்டுக்குக் கிடைக்காமல் போனது அதுதான். மார்கோவிடம் வேண்டாம் என்ற பெல்ட்காரன் உயிரோடு இருக்க முடியவில்லை, ஆஷ்ஃபோர்டை நினைத்துக்கொள்ளுங்கள். இதனால்தான் சொல்கிறேன், 4-ஆம் சீசனைத் தாண்டிக் குதிக்காதீர்கள்.

*முத்தியால்பேட்டைத் தோழர், மறுபடியும்: 1936 இல்லாமல் 1954 இல்லை.*

சரி. இதை முழு மனதோடு ஒத்துக்கொள்கிறேன்.

*லக்கோனியா கிரகத்தில் அந்தச் சிறுமி, செத்துப் பிழைத்த தம்பி, அந்த நாய் மாதிரி விலங்குகள், எதற்கு வந்தன?*

அவை 'ஸ்ட்ரேஞ்ச் டாக்ஸ்' என்ற குறுநாவலிலிருந்து வந்தவை, மீதி 7, 8, 9-ஆம் பாகங்களில். திரையில் பாதியில் நிற்கிறது என்ற குறை நியாயமானது.

*7-ஆம் சீசன் வருமா, வராதா?*

நாவலைப் படியுங்கள்.

*கோரிமேட்டிலிருந்து: மகன் ஃபிலிப் பிழைத்தது நவோமிக்குத் தெரியுமா?*

தெரியாது. மார்கோவின் கப்பல், வேறு உலகங்களுக்கு வழிவிடும் வளையத்துக்குள் மறைந்தபோது மகனும் அதில் இருந்தான் என்றே நினைக்கிறாள், அந்தத் திட்டத்தைச் சொன்னவளும் அவள்தான். அவன் அதற்கு முன்பே இறங்கிவிட்டான். வேறு ஒரு சின்னக் கப்பலில் பெயர் கேட்கிறார்கள், அப்பா பெயரை விட்டுவிட்டு ஃபிலிப் நகாட்டா என்று அம்மா பெயரைச் சொல்கிறான்.