இளமாணி ஆய்வும் நெறிமுறை அனுமதியும்: திருகோணமலையிலிருந்து சில கேள்விகளும் பதில்களும்

கேள்வி: நிலாவெளிக் கரைவலைத் தொழிலாளர்களிடம் கடன்சுமை பற்றி நேர்காணல் செய்ய இருக்கிறேன். பெயர் கேட்கமாட்டேன். அப்படியும், மனிதரிடம் செய்யும் ஆய்வுகளை முன்கூட்டியே மீளாயும் நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டுமா?

பதில்: வேண்டும். "வயது 52, தோணியை விற்றவர், மகள் வளாகத்தில் படிக்கிறாள்" என்று ஆய்வேட்டில் எழுதினால், அவர் யாரென்று தேநீர்க்கடையில் இருப்பவர்களே சொல்லிவிடுவார்கள். முற்பணம் கொடுத்த சம்மாட்டியின், அதாவது வலைச் சொந்தக்காரரின், காதுக்கு அது போனால், அடுத்த பருவத்தில் அவருக்கு வலையில் இடமில்லாமற் போகலாம். வயதை 50–59 என எழுதுங்கள், குடும்ப விபரங்களை விட்டுவிடுங்கள், ஒலிப்பதிவையும் பெயர்ப்பட்டியலையும் ஒரே இடத்தில் வைக்காதீர்கள். அனுமதி கைக்கு வருமுன் ஒருவரிடமும் பேசவேண்டாம்.

கேள்வி: 40 வினாக்கொத்துகளை நிரப்பிவிட்டேன். இப்போது விண்ணப்பிக்கலாமா?

பதில்: நடந்து முடிந்ததற்குக் குழு அனுமதி தராது. இன்றே மேற்பார்வையாளரிடம் உண்மையைச் சொல்லுங்கள்.

கேள்வி: 16 வயது மாணவர்களுக்கு அதிபரின் கையெழுத்துப் போதுமா?

பதில்: அதிபர் உங்களைப் பாடசாலைக்குள் விடலாம், பிள்ளைக்காகச் சம்மதிக்க முடியாது. பெற்றோரின் சம்மதமும் பிள்ளையின் இசைவும் தேவை.

கேள்வி: கையெழுத்து என்றதும் எங்கள் சனம் பயப்படுகிறது. சம்மதப் படிவம் மேலைநாட்டுச் சடங்கல்லவா?

பதில்: பாதி ஒப்புக்கொள்கிறேன். 2006இல் சம்பூரிலிருந்து இடம்பெயர்ந்தவர்களுக்குப் பட்டியலில் பெயர் எழுதுவது சின்ன விடயமன்று. ஆயினும் 1964இல் பிறந்த, மருத்துவ ஆய்வுக்கான உலக நெறிமுறையாகிய ஹெல்சிங்கிப் பிரகடனத்தின் பிந்திய பதிப்புகள், எழுத்தில் தர இயலாதவர் வாய்மொழியாகச் சம்மதிக்கலாம், அதைச் சாட்சியோடு பதிவு செய்யவேண்டும் என்கின்றன. விதியின் பிறப்பையும் பாருங்கள்: அமெரிக்காவின் டஸ்கீகியில் 1932 முதல் 1972 வரை மேகநோயுற்ற (சிபிலிஸ்) கறுப்பின ஆண்களை, பென்சிலின் வந்த பின்னரும், உண்மையைச் சொல்லாமல் சிகிச்சையின்றி வைத்திருந்தார்கள்; மனிதரிடம் செய்யும் ஆய்வுகளுக்கு அங்கே நெறிகளை வகுத்த 1979இன் பெல்மொண்ட் அறிக்கைக்கு அதுவே முக்கிய தூண்டுதல்.

கேள்வி: அப்படியானால் கையெழுத்து வாங்கினால் காரியம் முடிந்ததா?

பதில்: இல்லை. மூதூர்ப் பக்கத்தில் ஓர் அம்மா, நான் தகவல் தாளை வாசித்து முடிக்குமுன்பே பெருவிரலை மையில் தோய்த்துவிட்டார். நிவாரணப் பட்டியல் என்று நினைத்திருந்தார். அந்த ரேகையைச் சம்மதமாகக் கொள்ள என்னால் முடியவில்லை. தாளைக் கிழித்துவிட்டு, இதனால் எந்த உதவியும் வராது என்பதிலிருந்து மறுபடி தொடங்கினேன்.

கேள்வி: மூட்டுவலிக்குச் சித்த மருத்துவ எண்ணெய் கொடுத்து 30 பேரிடம் பரிசோதிக்கலாமா?

பதில்: அது என் துறையன்று. மருத்துவ ஆய்வுகளை மீளாயும் குழுவிடம் செல்லுங்கள்.

கேள்வி: இணையப் படிவத்தில் 120 பேர் பதிலளித்துவிட்டார்கள். இனி அனுமதி எடுக்கலாமா?

பதில்: இரண்டாவது கேள்வியை வாசியுங்கள்.

கேள்வி: முன்னோடிச் சோதனையாக ஐந்து பேரிடம் மட்டுந்தான் கேட்டேன், ஐயா. அதற்குமா?

பதில்: அதற்குந்தான். அந்த ஐந்து பேரின் பதில்களையும் ஆய்வேட்டில் சேர்க்கவேண்டாம்.