கிராஜுவிட்டிப் பணத்தை மேனேஜ்மென்ட் சீட்டில் போடாதீர்கள்

நீலகிரியில் பந்தலூர்ப் பக்கத்துத் தேயிலை எஸ்டேட்டில் வேலை பார்க்கும் ஒரு அப்பா எழுதியிருக்கிறார். மகள் அரசுப் பள்ளியில் பிளஸ் டூ, கணக்கு-உயிரியல் குரூப். அவருக்கு அடுத்த வருடம் ஓய்வு. கோவையில் இருக்கும் தாய்மாமன், "கம்ப்யூட்டர் சயின்ஸ் போடு, இல்லன்னா ஏஐ. மேனேஜ்மென்ட் கோட்டாவில் நான் பேசி வாங்கித் தர்றேன்" என்கிறார். மகளுக்கு அதில் மனமில்லை. எஸ்டேட் ஆபீஸ் மழைமானிக் கணக்கைக் கணக்கப்பிள்ளையிடம் கேட்டு தினமும் நோட்டில் எழுதுகிற பிள்ளை அவள். "நாடுகளுக்கு நடுவுல ஆத்துத் தண்ணியப் பங்கு போடுற வேலைக்குப் போவேங்கிறா. அப்படி ஒரு படிப்பு இருக்குதா, சோறு போடுமா?" என்பது அப்பாவின் கேள்வி.

கவலைப்படாதீர்கள், ஐயா. ஆறுதல் இவ்வளவுதான், இனிப் பணத்துக்கு வருவோம். ஓய்வு பெற்றதும் எஸ்டேட் கொடுத்த லயன் வீட்டைக் காலி செய்ய வேண்டும். கையில் வரப்போவது கிராஜுவிட்டியும் பி.எஃப்.பும் மட்டும். அதை ஒரு சீட்டுக்குக் கொடுத்துவிட்டு எங்கே குடியிருப்பீர்கள்? மாமா சீட்டைப் பேசித்தான் தருவார், வாடகையைத் தர மாட்டார். பிள்ளைக்குப் பிடிக்காத படிப்புக்காக வீட்டுக் காசை இறக்குவதை எந்த நிலையிலும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

நீட், பாராமெடிக்கல், பி.காம். பற்றியெல்லாம் ஊரே பேசுகிறது. அவற்றை விட்டுவிடுகிறேன்.

உங்கள் அப்பா சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்தில் வந்தவர் என்று எழுதியிருக்கிறீர்கள். 1964-இல் இந்தியா, இலங்கை இரண்டு அரசுகளும் உட்கார்ந்து, இலங்கைத் தோட்டங்களில் இருந்த நம் ஆட்களை 5,25,000 பேர் இங்கே, 3,00,000 பேர் அங்கே என்று எண்ணிப் பிரித்தன. அப்படி ஒரு எண் யார் வீட்டு அடுப்பு வரை வரும் என்று உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆற்றுத் தண்ணீரையும் இப்படித்தான் எண்ணிப் பிரிக்கிறார்கள்.

இந்தியாவும் வங்கதேசமும் பகிர்ந்துகொள்ளும் ஆறுகள் 54. கங்கைக்கு 1996 டிசம்பரில் 30 ஆண்டு ஒப்பந்தம் போட்டார்கள். 2026 டிசம்பரோடு அந்தக் காலம் முடிகிறது. ஜனவரி முதல் மே வரை, பத்துப் பத்து நாளாக, எல்லையை ஒட்டிய ஃபராக்கா அணையில் என்ன வருகிறதோ அதைப் பிரிக்க வேண்டும். விநாடிக்கு 70,000 கன அடி அல்லது அதற்குக் கீழே வந்தால் ஆளுக்குப் பாதி. அதற்காக இரு நாட்டு ஆட்களும் சேர்ந்து இந்தப் பக்கம் ஃபராக்காவிலும் அந்தப் பக்கம் ஹார்டிஞ்ச் பாலத்திலும் தினமும் அளக்கிறார்கள்.

அளப்பது என்றால், ஆற்றின் அகலத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டிலும் ஆழம் பார்த்து, நீரோட்டமானியை இறக்கி வேகம் எடுத்து, பரப்பால் பெருக்கிக் கூட்டுவது. வெள்ளத்தில் படகு இறங்காத நாளுக்காக, நீர்மட்டம் இத்தனை இருந்தால் ஓட்டம் இத்தனை என்று முன்கூட்டியே ஒரு வளைகோடு வரைந்து வைப்பார்கள். ஆற்றின் தரை அரித்தாலும் மண் சேர்ந்தாலும் அந்தக் கோடு பொய்யாகிவிடும், திரும்ப வரைய வேண்டும். இந்தத் துறைக்கு நீரியல் என்று பெயர். மழைநோட்டு எழுதும் உங்கள் பெண் அதன் முதல் படியில் ஏற்கெனவே நிற்கிறாள்.

பருவநிலை மாற்றம் கழுத்தைப் பிடிப்பதும் இங்கேதான். கங்கை ஒப்பந்தத்தோடு சேர்ந்த அட்டவணை 1949 முதல் 1988 வரை வந்த நீரின் சராசரியை வைத்துப் போட்டது. பழைய சராசரி இனி எவ்வளவு தாங்கும்? 2019 ஆகஸ்டில் நம் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியதே. அடுத்த ஒப்பந்தங்களுக்குப் புதுக் கணக்கு வேண்டும், போடத் தெரிந்த ஆள் வேண்டும்.

"பாகிஸ்தானோடு போட்ட சிந்து ஒப்பந்தத்தையே 2025-இல் இந்தியா நிறுத்தி வைத்ததே, அப்புறம் வேலை எங்கே?" என்று மாமா மடக்குவார். அரசுகள் முறுக்கிக்கொண்டாலும் வெள்ளம் நிற்காது. 2008 ஆகஸ்டில் கோசி ஆற்றின் கரை நேபாளத்துக்குள் குசஹாவில் உடைந்தது, மூழ்கியதில் பெரும்பகுதி பீகார். அந்தக் கரையைப் பராமரிக்க வேண்டியதும் 1954 ஒப்பந்தப்படி இந்தியத் தரப்புதான். மேலே இருப்பவன் நேரத்துக்குச் சொல்லாவிட்டால், கேட்காவிட்டால், கீழே இருப்பவன் மூழ்குவான். உங்கள் ஊர்ப் பாண்டியாற்றில் கூடும் தண்ணீரும் கேரளாவுக்குள் இறங்கிச் சாலியாராகத்தானே கடலுக்குப் போகிறது!

வழி இதுதான். முதலில் அரசுக் கல்லூரியில் பி.இ. சிவில். பக்கத்தில் கோவை ஜி.சி.டி. இருக்கிறது. "பன்னாட்டு உறவுகள்" என்று விளம்பரம் செய்யும் தனியார் படிப்புகளை இப்போது தொட வேண்டாம். அளக்கத் தெரியாதவருக்கு ஆற்றுப் பங்கீடு பேசும் மேஜையில் நாற்காலி கிடைப்பது கடினம். பிறகு எம்.டெக். சேர்க்கைக்கான கேட் தேர்வு எழுதி ரூர்க்கி ஐ.ஐ.டி.யில் எம்.டெக். நீரியல். யுனெஸ்கோ ஆதரவோடு 1972-இல் பன்னாட்டுப் படிப்பாகத் தொடங்கிய துறை அது. கேட் மூலம் சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை உண்டு. தேசிய நீரியல் நிறுவனமும் அதே ஊரில்தான். வேலைக்கு மத்திய நீர் ஆணையம், மாநில நீர்வளத்துறை; இரண்டுக்கும் போட்டித் தேர்வு. காட்மாண்டுவில் எட்டு நாடுகள் சேர்ந்து நடத்தும் இசிமோட் மையம் இமயமலை ஆறுகளை ஆராய்கிறது, இந்தியாவும் அதில் உறுப்பினர். அங்கெல்லாம் இடம் குறைவு, அதை மறைக்க மாட்டேன். அது கிடைக்காவிட்டாலும் சிவில் பட்டம் கையில் இருக்கும், கடன் இருக்காது.

"சிவிலா? பொம்பளப் புள்ள வெயில்ல நிக்கணுமே" என்றும் மாமா சொன்னாராம். அவருடைய அக்கா இத்தனை வருடம் அட்டைக்கடியோடு சரிவில் கூடை சுமந்து கொழுந்து பறித்தபோது இந்தக் கவலை எங்கே போயிருந்தது?

கணக்கில் கட்-ஆஃப் குறைந்துவிடக் கூடாது, டியூஷன் காசு செலவழிப்பதானால் அதற்குச் செலவழியுங்கள். ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளி என்றால் 7.5 சதவீத ஒதுக்கீட்டுக்குத் தகுதி உண்டு. அதில் இடம் கிடைத்தால் படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே கட்டும். அதற்கு ஆறிலிருந்து பன்னிரண்டு வரை படித்ததற்கான சான்றைத் தலைமை ஆசிரியரிடம் இப்போதே கேட்டு வையுங்கள். முதல் பட்டதாரிச் சான்றுக்கும் இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிடுங்கள், கவுன்சலிங் நேரத்தில் அங்கே கூட்டம் தாங்காது.