பம்ப் ஓடுகிறது, வோர்ட் வரவில்லை: வீட்டில் பீர் காய்ச்சுவோரின் கேள்விகளும் பதில்களும்

பம்ப் பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றை இங்கே எடுத்துக்கொள்கிறேன். வோர்ட் என்பது தானியத்திலிருந்து வடித்த, இன்னும் புளிக்காத இனிப்புச் சாறு. பெரும்பாலானவை பம்பைத்தான் குறை சொல்கின்றன. எனக்கோ பம்புக்குள் திரவம் வந்து சேரும் வழியின் மீதுதான் சந்தேகம்.

கேள்வி: தண்ணீரில் சோதித்தபோது பம்ப் நன்றாக ஓடியது. கொதித்து முடிந்த வோர்ட்டைச் சுழலவிடலாம் என்று இயக்கினால் மோட்டார் ஓடுகிறது, ஒரு சொட்டும் வரவில்லை. பம்ப் பழுதாகிவிட்டதா?

இல்லை. வீட்டில் பீர் காய்ச்சுவோரிடம் பெரும்பாலும் இருப்பது காந்தப் பிணைப்புள்ள சென்ட்ரிஃபியூகல் பம்ப். அதில் மோட்டார் தண்டு, திரவத்தைத் தள்ளும் சுழல் சக்கரமான இம்பெல்லரைத் தொடுவதில்லை. நடுவே உள்ள சுவரைத் தாண்டிக் காந்தம்தான் இம்பெல்லரைச் சுற்றுகிறது. அதனால் தேய்ந்து ஒழுகக்கூடிய தண்டு சீல் அதற்குக் கிடையாது. ஆனால் தன்னிடம் வந்து சேர்ந்த திரவத்தை மட்டுமே அது தள்ளும். உள்ளே காற்று நின்றுவிட்டால் அதை வெளியேற்றித் திரவத்தை இழுத்துக்கொள்ளும் திறன் அதற்கு இல்லை.

கொதிநிலையில் இன்னொரு சிக்கலும் சேர்கிறது. கொதிக்கும் வோர்ட்டில் அழுத்தம் சற்றுக் குறைந்தாலும் ஆவிக் குமிழ்கள் உண்டாகும். இம்பெல்லரின் நடுப்பகுதியில் நடப்பது அதுதான். இம்பெல்லர் ஆவியில் சுழல்கிறது, வோர்ட் நகர்வதில்லை. உள்ளே சரளைக் கற்கள் உருள்வது போன்ற சத்தம் கேட்டிருந்தால் சந்தேகமே வேண்டாம். குளிர்ந்த தண்ணீர் அவ்வளவு எளிதில் ஆவியாகாது. எனவே சோதனையில் இந்தக் குறை வெளிப்படவில்லை.

சரிசெய்ய வேண்டியது சக்ஷன் பக்கத்தை, அதாவது திரவம் பம்புக்குள் நுழையும் பக்கத்தை. பம்பைக் கெட்டிலுக்கு (வோர்ட்டைக் கொதிக்கவைக்கும் பாத்திரத்துக்கு) எவ்வளவு கீழே வைக்க முடியுமோ அவ்வளவு கீழே வையுங்கள். வோர்ட் மட்டம் பம்புக்கு மேலே ஒரு மீட்டர் உயர்ந்தால் சுமார் 10 கிலோபாஸ்கல் அழுத்தம் கூடுதலாகக் கிடைக்கும்; ஆவிக் குமிழைத் தடுப்பது அந்த அழுத்தமே. சக்ஷன் ஹோஸ் குட்டையாகவும் அரை அங்குலத்துக்குக் குறையாத உள்விட்டத்தோடும் இருக்கட்டும். துளை சிறுத்த பந்து வால்வு, குறுகிய கனெக்டர், ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பும் மணமும் தரும் பூ) அடைத்த வடிகட்டி என வழியில் எது நெருக்கினாலும் பலன் ஒன்றுதான்.

பம்பின் தலையையும் பாருங்கள். நுழைவாய் கீழேயும் வெளிவாய் மேலேயும் இருந்தால் காற்று தானாக மேலேறிப் போய்விடும். பல பம்புகளில் திருகுகளைக் கழற்றித் தலையைத் திருப்பி மாட்டிக்கொள்ளலாம். டெலிவரி (திரவம் வெளியேறும் பக்க) வால்வுக்கு முன்னால் ஒரு T வடிவ இணைப்பும், காற்றை வெளியேற்ற ஒரு சிறு வால்வும் வைப்பதைவிடப் பலன் தரும் மேம்பாடு வேறு எதையும் நான் சொல்ல மாட்டேன்.

மோட்டாரை நிறுத்தியபடியே கெட்டில் வால்வை முழுவதும் திறங்கள். சிறு வால்வில் குமிழ் நின்று வோர்ட் மட்டும் வரும்வரை பொறுங்கள். வருவது கொதிக்கும் சாறு; சிறு ஹோஸ் மாட்டி ஒரு பாத்திரத்துக்குள் விடுங்கள். பிறகு அதை மூடி, டெலிவரி வால்வும் மூடியிருக்கும் நிலையில் மோட்டாரை இயக்கி, டெலிவரியை மெல்லத் திறங்கள். இவ்வளவு செய்தும் முரண்டு பிடித்தால், அடுப்பை அணைத்து வோர்ட் 95 டிகிரி செல்சியஸுக்கு இறங்கியதும் தொடங்குங்கள். அந்தச் சில டிகிரி பெரிய உதவி. ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: சுமார் 80 டிகிரிக்கு மேல் இருக்கும்வரை ஹாப்ஸிலிருந்து கசப்பு இறங்கிக்கொண்டே இருக்கும். சுழலவிடும் நேரத்தையும் கசப்புக் கணக்கில் சேருங்கள்.

கேள்வி: ஓட்டத்தைக் குறைக்கக் கெட்டில் வால்வைப் பாதி மூடுகிறேன். சரிதானா?

தவறு. சக்ஷன் பக்க வால்வு எப்போதும் முழுவதும் திறந்திருக்க வேண்டும். டெலிவரி வால்வை மூடிக் கட்டுப்படுத்துங்கள். சென்ட்ரிஃபியூகல் பம்புக்கு அதனால் சுமை கூடாது, மின்சாரச் செலவும் குறையவே செய்யும். விசிறிக்கான ரெகுலேட்டரை ஏசி மோட்டார் பம்பில் மாட்டிப் பார்க்காதீர்கள், சூடேறிப் பழுதாகலாம். வேகக் கட்டுப்பாடு தேவையென்றால் அதற்கென்றே அமைந்த டிசி பிரஷ்லெஸ் பம்ப் வாங்குங்கள்.

கேள்வி: பம்ப் 3 மீட்டர் உயரம் ஏற்றும் என்று அட்டையில் இருக்கிறது. என் மேல் பாத்திரம் 2 மீட்டர்தான். ஆனாலும் ஓட்டம் நூலாக வருகிறது.

அந்த 3 மீட்டர், ஓட்டம் முழுதாக நின்றுபோகும் உயரம். அதற்குக் கீழே உயரம் குறையக் குறைய ஓட்டம் கூடும். அட்டையில் உள்ள அதிகபட்ச ஓட்டமோ ஏறக்குறைய உயரமே இல்லாத நிலையில் கிடைப்பது. வாங்கும்போது இரண்டையும் இணைக்கும் வளைகோட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

உயரம் என்பது கீழ்ப் பாத்திரத்தின் திரவ மட்டத்திலிருந்து திரவம் விழும் இடம் வரை. பம்ப் தரையில் இருக்கிறதா, மேசையில் இருக்கிறதா என்பது இந்தக் கணக்கில் வராது. ஒரே பாத்திரத்திலிருந்து எடுத்து அதன் மட்டத்துக்குக் கீழேயே திருப்பி விட்டால் உயரம் பூஜ்யம். எஞ்சுவது குழாயின் உராய்வு மட்டுமே. அந்த உராய்வைச் சிறிதாக நினைக்க வேண்டாம். உள்விட்டம் முக்கால் பங்காகச் சுருங்கினால், அதே ஓட்டத்துக்கு உராய்வு ஏறக்குறைய நான்கு மடங்காகிறது. பெரிய பம்ப் வாங்குவதற்கு முன் அகலமான ஹோஸை மாட்டிப் பாருங்கள்.

கேள்வி: மேஷை (வெந்நீரில் ஊறும் தானியக் கலவையை) பம்பால் சுழலவிட்டால் கால் மணி நேரத்தில் இறுகி நின்றுவிடுகிறது.

இங்கே பம்ப் அளவுக்கு மீறி உழைக்கிறது. தானியப் படுகையின் வழியே சாறு தன் போக்கில் வடிய வேண்டும். அது வடியும் வேகத்தை மிஞ்சிப் பம்ப் எடுத்தால் தானியத்தைத் தாங்கும் துளையிட்ட அடித்தட்டுக்குக் கீழே வெற்றிடம் போல ஆகி, படுகை அமுங்கிக் கெட்டிப்படுகிறது. அமுங்க அமுங்க வடிவது குறைகிறது, பம்ப் மேலும் அழுத்துகிறது.

முதல் 10 நிமிடம் பம்பைத் தொடாதீர்கள், படுகை அமரட்டும். பிறகு டெலிவரி வால்வைச் சிறிதளவே திறந்து, படுகைக்கு மேல் நிற்கும் சாற்றின் மட்டத்தைக் கவனியுங்கள். மட்டம் ஏறினால் ஓட்டம் அதிகம். அடித்தட்டிலிருந்து ஒரு சிறு பாத்திரத்தில் தானாக வடியவிட்டு, பம்பை அதிலிருந்து எடுக்கச் செய்வது இன்னும் பத்திரம். பம்பின் இழுப்பு படுகையை எட்டவே எட்டாது. கோதுமை, ஓட்ஸ் அதிகம் சேர்த்திருந்தால் கழுவிய நெல் உமியைக் கலந்துகொள்ளுங்கள். இறுகிவிட்டால் பம்பை நிறுத்தி, படுகையைக் கிளறி, மீண்டும் அமரவிட்டுத் தொடங்க வேண்டும்.

குழாய்க்குள்ளேயே ஹீட்டர் வைத்துச் சூடாக்குபவர்களுக்கு: ஓட்டம் நின்றால் ஹீட்டரும் நிற்கும்படி ஃப்ளோ சுவிட்ச் கட்டாயம் வேண்டும். நின்ற வோர்ட் நொடிகளில் தீய்ந்துபோகும். அந்தத் தீய்ந்த சுவையை பீரிலிருந்து பிரிக்க வழியே இல்லை.

கேள்வி: டயஃப்ரம் பம்ப் தானாகவே இழுக்கிறதே, அதையே வாங்கலாமா?

தண்ணீருக்கும் குளிர்ந்த திரவத்துக்கும் வாங்கலாம். கொதிக்கும் வோர்ட்டுக்கு வேண்டாம். பெரும்பாலானவை அந்தச் சூட்டைத் தாங்க வடிவமைக்கப்பட்டவை அல்ல. ஹாப்ஸ் துகள் அதன் உள்வால்வுகளில் சிக்கும். அழுத்த சுவிட்ச் இல்லாத பம்பின் டெலிவரியை மூடினால் ஹோஸ் பிய்த்துக்கொண்டு போகும். குழாயை உருளைகளால் பிழியும் பெரிஸ்டால்டிக் பம்ப் மெதுவாக ஓடினாலும் அருமையானது. அதில் திரவம் தொடுவது குழாயை மட்டுமே. வறண்டு ஓடினாலும் பம்ப் கெடாது. தானியத்தில் எஞ்சிய இனிப்பைச் சுடுநீரால் அலசி எடுக்கும் ஸ்பார்ஜுக்கு நன்றாகப் பொருந்தும்.

கேள்வி: காய்ச்சி முடித்ததும் சுடுநீர் விட்டு அலசினால் போதாதா?

அன்றைக்குப் போதாது, நாள்பட்டால் நிச்சயம் போதாது. அலசியபின் சோடியம் பெர்கார்பனேட் கலந்த சுமார் 60 டிகிரித் தண்ணீரை அரை மணி நேரம் சுழலவிட்டு, நல்ல நீரால் மீண்டும் அலசுங்கள். அவ்வப்போது தலையைக் கழற்றி ஓ-ரிங், இம்பெல்லர், சிறு வாஷர் எல்லாவற்றையும் பாருங்கள். பம்பை ஒருபோதும் வறண்டு ஓடவிடாதீர்கள். உள்ளே உள்ள தண்டுக்கு மசகாக இருப்பது ஓடும் திரவமே. கிருமி நீக்கத்துக்கு, கொதி முடியும் முன் கடைசி 15 நிமிடம் வோர்ட்டைப் பம்ப் வழியாகவும் சில்லர் (வோர்ட்டைக் குளிர்விக்கும் கருவி) வழியாகவும் சுழலவிடுங்கள். அந்தக் கொதிசூட்டில் ஓட்டம் பிடிக்கவில்லையென்றால், முதல் பதிலில் சொன்ன வேலைகள் இன்னும் பாக்கி இருக்கின்றன.

கேள்வி: ஈர இடத்தில் மின்சாரம் பயமாக இருக்கிறது.

பயப்பட வேண்டியதுதான். மின்கசிவு கண்டால் துண்டிக்கும் பாதுகாப்புச் சுவிட்ச் இல்லாத இணைப்பில் பம்பை மாட்டவே கூடாது. பம்பை வால்வுக்கு நேர் கீழே வைக்காதீர்கள். மோட்டாரின் காற்றுத் துளைகளுக்கு மேல் ஒரு மறைப்பு போடுங்கள். ஒயரைப் பிளக்கைவிடத் தாழ்வாகத் தொங்கவிட்டால், வழியும் நீர் பிளக்கை எட்டாமல் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

கேள்வி: புளித்து முடிந்த பீரைக் கெக்குக்கு (பீர் பீப்பாய்க்கு) மாற்றவும் இதே பம்பைப் பயன்படுத்தலாமா?

வேண்டாம். சக்ஷன் இணைப்பு தளர்ந்திருந்தால் அங்கே பீர் ஒழுகாது. காற்றுதான் உள்ளே போகும், கண்ணுக்கும் தெரியாது. புளித்த பீரில் ஆக்சிஜன் கலந்தால் ஹாப்ஸ் மணம் மங்கி, நாளடைவில் நனைந்த அட்டைப்பெட்டியின் வாடை வரும். பீரில் கரைந்திருக்கும் கார்பன் டையாக்சைடு இம்பெல்லரில் நுரையாகப் பிரிந்து ஓட்டத்தையும் நிறுத்திவிடும். கெக்கில் முதலில் கார்பன் டையாக்சைடை நிரப்பி, பாத்திரத்தை உயரத்தில் வைத்து, மூடிய குழாய் வழியே தானாக இறங்கவிடுங்கள். கெக்கிலிருந்து வெளியேறும் வாயுவை இன்னொரு குழாயால் பாத்திரத்தின் மேல்பகுதிக்கே திருப்பிவிட்டால் வெளிக்காற்று உள்ளே வராது.