குலுக்கினால் எரியும் விளக்கு

அன்புள்ள ஐயா,

என் மைத்துனர் ஒரு டார்ச் விளக்கு வாங்கியிருக்கிறார். பேட்டரியே மாற்ற வேண்டாம், அரை நிமிடம் குலுக்கினால் இருபது நிமிடம் எரியும், பையில் கிடந்தால்கூட நடக்கும் அசைவிலேயே தானாகச் சார்ஜ் ஆகிவிடும் என்று அதன் அட்டையில் அச்சிட்டிருக்கிறார்கள். ஆற்றலை ஆக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது என்ற விதியைச் சொல்லி, இது பித்தலாட்டம் என்றேன். “எட்டு மாதமாக என் கண்ணெதிரே எரிகிறது மாப்பிள்ளை, உங்கள் விதியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்” என்று சிரிக்கிறார். காற்றிலுள்ள ரேடியோ அலைகளிலிருந்தும் அது மின்சாரம் எடுக்கிறதாம். இப்படிப்பட்ட கண்டுபிடிப்புகளைப் பெரிய நிறுவனங்கள் மறைத்துவிடுகின்றனவாம். அறிவியல் தெரியாதவர்களிடம் எப்படித்தான் வாதிடுவது? தனியாக இருக்கும் என் அப்பாவுக்கு, அவசரத்துக்கு உதவும் என்று இதில் ஒன்று வாங்கித் தரலாமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

பல ஆண்டுகளாக எனக்குள் முடியாமல் இருக்கும் ஒரு வழக்கை உங்கள் கடிதம் மீண்டும் விசாரணைக்கு எடுத்துவிட்டது. அதனால்தான் இந்தப் பதில்.

முதலில் உங்களைத்தான் கடிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. ஆற்றல் அழிவின்மை விதியை எடுத்து வீசினீர்களே, அது இங்கே யாரைத் தடுக்கிறது? குலுக்குபவரின் கை உழைக்கிறது. அந்த உழைப்பு விளக்கின் குழாய்க்குள் இருக்கும் காந்தத்தை ஒரு செப்புக் கம்பிச் சுருளின் ஊடாக முன்னும் பின்னும் ஓட்டுகிறது. சுருளில் மின்சாரம் பிறக்கிறது. மைக்கேல் ஃபாரடே என்ற விஞ்ஞானி 1831ஆம் ஆண்டு கண்டு சொன்னது இதுதான். விதி எதுவும் மீறப்படவில்லை. பொருளைக் கையில் வாங்கிக்கூடப் பார்க்காமல், இயற்பியலின் மிகப் பெரிய விதி ஒன்றை அது பொருந்தாத இடத்தில் சொல்லிவிட்டு, எதிரில் இருப்பவரை அறிவியல் தெரியாதவர் என்கிறீர்கள். உங்கள் மைத்துனராவது எட்டு மாதம் அந்த விளக்கைப் பார்த்திருக்கிறார்.

நீங்கள் கேட்டிருக்க வேண்டியது கணக்கு. அந்தக் காந்தம் 50 கிராம் எடை என்றும், குழாய்க்குள் 10 சென்டிமீட்டர் விழுகிறது என்றும் வைத்துக்கொள்வோம். விளக்கை ஒருமுறை கவிழ்த்தால் கிடைக்கக்கூடியது அதிகபட்சம் 0.05 ஜூல் ஆற்றல். ஒரு சிறிய வெள்ளை எல்இடி, 3 வோல்ட்டில் 20 மில்லி ஆம்பியர் எடுத்தால், நொடிக்கு 0.06 ஜூல் தின்னும். ஆக, ஒருமுறை கவிழ்த்தால் ஒரு நொடி வெளிச்சம்கூட இல்லை. துளியும் இழப்பு இல்லை என்று வைத்துக்கொண்டாலே ஒரு நிமிட வெளிச்சத்துக்கு 72 முறை கவிழ்க்க வேண்டும்; இழப்போ நிச்சயம் உண்டு. வேகமாகக் குலுக்கினால் ஆற்றல் கூடும் என்பது உண்மைதான். ஆனால் அரை நிமிடக் குலுக்கலுக்கு இருபது நிமிட வெளிச்சம் என்றால், அது மின்மினியைவிடச் சற்றே மேலான வெளிச்சமாகத்தான் இருக்க முடியும். பைக்குள் நடக்கும் அசைவில் சார்ஜ் ஆவதைப் பற்றி நான் தனியாக எழுத ஒன்றுமில்லை.

அப்படியானால் எட்டு மாதம் எப்படி எரிந்தது? இந்த வகை விளக்குகளின் மலிவான போலிகளைத் திறந்து பார்த்தவர்கள் கண்டது இதுதான்: தலைப்பகுதியில் இரண்டு பட்டன் செல்கள். சுருளின் கம்பி எங்கும் இணைக்கப்படாமல் அழகுக்குச் சுற்றப்பட்டிருக்கும். சிலவற்றில் குழாய்க்குள் ஓடுவது காந்தமே அல்ல, வெறும் உலோகத் துண்டு. சிஆர் 2032 என்ற பட்டன் செல் ஒன்றில் ஏறத்தாழ 225 மில்லி ஆம்பியர்-மணி மின்சாரம் இருக்கிறது. மங்கலாக, 5 மில்லி ஆம்பியரில் எரித்தால், எல்லாக் குறைகளையும் கழித்துவிட்டு, முப்பது மணி நேரமாவது வரும் என்று கொள்ளலாம். நாளுக்கு ஐந்து நிமிடம் எரிப்பவருக்கு அது ஓராண்டு. ஒவ்வொரு முறையும் அவர் குலுக்குகிறார், ஒவ்வொரு முறையும் அது எரிகிறது. குலுக்காமலும் எரியும் என்பதை அவர் பார்க்கவே மாட்டார், ஏனென்றால் குலுக்காமல் பொத்தானை அழுத்தும் எண்ணமே அவருக்கு வராது.

என் பெரியப்பாவிடம் ஒரு டார்ச் இருந்தது. துத்தநாகக் கூடும் நடுவில் கரித்தண்டும் கொண்ட பழைய வகைச் செல்கள். வெளிச்சம் மஞ்சளாகி மங்கினால் அவற்றைக் கழற்றி வெயிலில் வைப்பார். மாலையில் போட்டுப் பார்த்தால் மீண்டும் வெள்ளையாக எரியும். வெயில் அவற்றைச் சார்ஜ் செய்கிறது என்பார். அந்தச் செல்லைச் சார்ஜ் செய்ய முடியாது என்று பள்ளிப் புத்தகத்தில் படித்த நான் வாதிட்டேன். அவர் பேசவில்லை. விளக்கை என் முகத்துக்கு நேரே பிடித்துப் பொத்தானை அழுத்தினார். கண் கூசியது. வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பைப் பற்றித்தான் இத்தனை ஆண்டுகளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். பெரியப்பா பொய் சொல்லவில்லை. விளக்கு உண்மையிலேயே மீண்டும் எரிந்தது. அத்தகைய செல்லிலிருந்து தொடர்ந்து மின்சாரம் எடுக்கும்போது, வேதிவினையின் விளைபொருள்கள் கரித்தண்டைச் சுற்றியுள்ள மாங்கனீசு டை ஆக்சைடு பொடியை ஒட்டித் தேங்கி, மேற்கொண்டு வினை நடக்க விடாமல் தடுக்கின்றன. ஓய்வு கொடுத்தால் தேங்கியது மெல்லப் பரவிக் கலைகிறது. சூடு அதை விரைவுபடுத்துகிறது. ஏற்கனவே உள்ளே இருந்த மிச்சம்தான் வெளியே வருகிறது. வெயிலிலிருந்து அதற்குள் எதுவும் சேரவில்லை. இதைக் கண்டுபிடிக்க அன்று ஓர் ஆய்வகம் தேவைப்பட்டிருக்காது. எவ்வளவு நேரம் எரிகிறது என்று ஒரு கடிகாரத்தை வைத்துப் பார்த்திருந்தால், வெள்ளை வெளிச்சம் சற்று நேரத்திலேயே மஞ்சளாவதும், ஒவ்வொரு வெயிலுக்கும் அந்த நேரம் குறைந்துகொண்டே வருவதும் தெரிந்திருக்கும். எரிந்ததா என்று எல்லோரும் பார்த்தார்கள். எவ்வளவு நேரம் என்று ஒருவரும் பார்க்கவில்லை. உங்கள் வீட்டிலும் எட்டு மாதமாக நடப்பது அதுவே. எரிகிறது என்பதற்கு உங்கள் மைத்துனர் நேர்மையான சாட்சி. எதனால் எரிகிறது என்பதற்கு அவர் சாட்சியே அல்ல. முதல் சாட்சியத்தை நீங்கள் மறுத்ததால்தான் அவர் இரண்டாவதையும் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார்.

ஆகவே அவருடன் உட்கார்ந்து, குலுக்காமல் அந்த விளக்கைப் போட்டு, அணையும்வரை விட்டுவிடுங்கள். மின்சாரத்தைச் சிறிதளவே சேர்த்து வைக்கும் மின்தேக்கி மட்டும் உள்ள உண்மையான குலுக்கு விளக்கு சில நிமிடங்களிலேயே மங்கத் தொடங்கும். விடிய விடிய எரிந்தால் உள்ளே செல் இருக்கிறது. ஆனால் அவசரப்பட்டுத் துள்ளாதீர்கள், சார்ஜ் ஏறும் சிறிய செல்லை வைத்து நேர்மையாகச் செய்யப்பட்டவையும் உண்டு. முழுதாக அணைந்த பிறகு குலுக்கிப் பாருங்கள். குலுக்கியதற்கு ஏற்றபடி வெளிச்சம் திரும்பினால் உங்கள் மைத்துனரிடம் மன்னிப்புக் கேளுங்கள். ஓர் இரும்பு ஊசியைக் குழாயருகே கொண்டுபோய்ப் பார்ப்பதும் நல்லது, காந்தமா வெறும் உலோகமா என்பது நொடியில் தெரிந்துவிடும்.

ரேடியோ அலைகள் பற்றி: பெரும்பாலான இடங்களில் அவற்றிலிருந்து கிடைப்பது மைக்ரோவாட் அளவுதான், எல்இடிக்கு அது காணாது. நிறுவனங்கள் மறைக்கும் கதையை விட்டுவிடுங்கள். ஓயாமல் தானே இயங்கும் பொறி சாத்தியமே இல்லை, அவற்றைப் பற்றிய விண்ணப்பங்களை இனிப் பார்ப்பதில்லை என்று பாரிஸ் அறிவியல் அகாதமி 1775லேயே முடிவெடுத்துவிட்டது. மறைக்கப்படாத ஒன்றைச் சொல்கிறேன். கனடாவைச் சேர்ந்த ஆன் மகோசின்ஸ்கி என்ற பள்ளி மாணவி, உள்ளங்கைச் சூட்டில் எரியும் விளக்கு ஒன்றைச் செய்து 2013ஆம் ஆண்டின் கூகுள் அறிவியல் கண்காட்சியில் பரிசு பெற்றார். கைக்கும் காற்றுக்கும் இடையிலுள்ள வெப்ப வேறுபாட்டிலிருந்து அது மின்சாரம் எடுக்கிறது. காற்றும் கையும் ஒரே சூட்டில் இருந்தால் எரியாது. ஆற்றல் எங்கிருந்து வருகிறது, எப்போது வராது என்ற இரண்டையும் சொல்லக்கூடிய இப்படிப்பட்ட விளக்கை நான் நம்புவேன்.

அப்பாவுக்கு வாங்குவதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். இரண்டு ஏஏ அல்கலைன் செல்கள் போடும் சாதாரண எல்இடி டார்ச் ஒன்று வாங்கிக் கொடுங்கள். அந்தச் செல் ஒன்றில் ஏறத்தாழ 10,000 ஜூல் இருக்கிறது. குலுக்கிச் சேர்ப்பதென்றால் இரண்டு லட்சம் முறை கவிழ்க்க வேண்டும், வயதானவரின் தோளுக்கு அது ஆகாது. செல்கள் கசிந்து விளக்கைக் கெடுக்காமல் இருக்க, அவற்றை வெளியே எடுத்து விளக்கோடு சேர்த்து ஒரே பெட்டியில் வைக்கச் சொல்லுங்கள். இருட்டிலும் தடவிப் போடும்படி, எந்தப் பக்கம் மேலே வரவேண்டும் என்பதை அவருக்கு ஒருமுறை செய்து காட்டிவிடுங்கள்.