போரா குகைக்கு அம்மாவ கூட்டிட்டு போலாமா?

நாகர்கோவில்ல இருந்து ஒரு அக்கா கேட்டிருக்காங்க: டிசம்பர் லீவுக்கு விசாகப்பட்டினம் போறோம், அங்க உள்ள போரா குகை நம்ம குமரி மாவட்டத்து சிதறால் மலைக்குகை மாதிரிதானா, அம்மாவுக்கு முட்டு வலி, கூட்டிட்டு போலாமா, 10 வயசு மகன் இது எப்படி உண்டாச்சுன்னு கேட்டா என்ன சொல்ல?

சிதறால் மாதிரி இல்லக்கா. அங்கயும் மருந்துவாழ்மலையிலயும் நாம பாக்கது பாறை மேல பாறை சாஞ்சு நிக்கதால வந்த இடுக்கு. நம்ம மாவட்டத்துப் பாறையெல்லாம் சார்னோகைட், கோண்டலைட்னு கெட்டி ஜாதி, மழைத்தண்ணிக்கு லேசுல கரையாது. போரா இருக்க அனந்தகிரி மலையிலயும் சுத்தி இதே ஜாதிதான், ஆனா நடுவுல சுண்ணாம்புப் பாறை இருக்கு, அங்கதான் வித்தியாசமே. மழைத்தண்ணி காத்துலயும் மண்ணுலயும் இருக்க கார்பன் டை ஆக்சைட எடுத்துட்டு சோடா மாதிரி லேசான அமிலமா வெடிப்புக்குள்ள இறங்குது, சுண்ணாம்ப கரைச்சு கரைச்சு வழி பண்ணுது, கோஸ்தனி ஆத்துத் தண்ணியும் சேந்து குடைஞ்சதுதான் அந்த பெரிய மண்டபம்.

மகனுக்கு வீட்டுலயே காட்டலாம். போர் தண்ணி காய்ச்சுற பாத்திரத்துல அடியில வெள்ளையா பிடிக்கும்லா, தண்ணியில இருந்த வாயு வெளிய போனதும் சுண்ணாம்பு திரும்ப கல்லாகுது, குகைக்குள்ள அதே வேலை அடுப்பு இல்லாம சொட்டு சொட்டா நடக்குது. மேல தொங்குனா கல்விழுது, சொட்டு விழுந்த இடத்துல கீழ இருந்தும் ஒண்ணு எழும்பும், ரெண்டும் முட்டுனா தூண். பொதுவா வருஷத்துக்கு 0.1 மில்லிமீட்டர் போல தான் வளரும், அப்போ ஒரு விரல் நீளத்துக்கே நூத்துக்கணக்கான வருஷம்! தயவுசெஞ்சு தொட விடாதீங்க, கை எண்ணெய் பட்டா அந்த இடத்துல புதுசா சுண்ணாம்பு ஒட்டாது, கறுத்தும் போகும்.

அம்மாவ தாராளமா கூட்டிட்டு போங்க, ஆனா உள்ள இறங்க நிறைய படி, திரும்ப ஏறணும். வாசல் பக்கத்து பெரிய மண்டபத்தையே நிதானமா பாத்தா போதும், சிவலிங்கம் இருக்க இடத்துக்கு தனியா ஏத்தம் உண்டு, அதுக்கு வற்புறுத்தாதீங்க. தேஞ்ச ரப்பர் செருப்பு வேண்டவே வேண்டாம், தரை ஈரமா இருக்கும். லீவு கூட்டம் வரும், காலையிலயே போயிடுங்க. கலர் லைட்டுல கல்லோட நிஜ நிறம் தெரியாது, ஒரு டார்ச் எடுத்துக்கிடுங்க, விழுதோட நுனியில தொங்குற சொட்ட மகன்ட்ட காட்டுங்க.