ஐந்தாம் தேதி இரவு

அக்காவுக்கு வணக்கம்,

உங்களை நெடுநாளாகப் படிக்கிறேன். எழுதுவது இதுதான் முதல் தடவை. பெயர் வேண்டாம். முதுகுத்தண்டு பாதிப்பால் ஆறு வருடமாக நான் வேலைக்குப் போகவில்லை. அரசு உதவித்தொகைதான் வருமானம். மாதாமாதம் ஐந்தாம் தேதி, நள்ளிரவு தாண்டியதும் கணக்கில் விழும். அதற்காக விழித்திருப்பேன். போனில் சுழல் ஆட்டம், பணம் கட்டிப் பொத்தானைத் தட்டினால் படங்கள் சுழலும், ஒன்றுபோல் நின்றால் பரிசு. விடிவதற்குள் பாதிக்கு மேல் போயிருக்கும். மிச்ச நாட்கள் கடனிலும் பொய்யிலும் ஓடும். தங்கை பக்கத்தில்தான் இருக்கிறாள்; சொல்லக் கூசுகிறது. சில விடியற்காலைகளில் எழுந்திருக்கவே வேண்டாம் என்று தோன்றும். ஊரார் கட்டிய வரிப்பணத்தை இப்படித் தொலைப்பவளுக்கு அதை வாங்க என்ன தகுதி? வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடலாமா என்று யோசிக்கிறேன். திட்டினாலும் பரவாயில்லை, பதில் எழுதுங்கள்.

ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். மற்றதெல்லாம் பிறகு.

அந்தத் தொகை உங்கள் நடத்தைக்குக் கிடைத்த நற்சான்றிதழ் இல்லை. முதுகு வேலை செய்ய விடவில்லை என்பதற்காக வருவது. அந்த இரவு நீங்கள் என்ன செய்தாலும் ஐந்தாம் தேதி காலையில் முதுகு அப்படியேதான் இருக்கிறது.

திட்டச் சொல்கிறீர்கள். அந்த வேலையை நீங்களே நன்றாகச் செய்துகொண்டிருக்கிறீர்கள், அதுவும் ஆட்டத்தோடு சேர்ந்துவிட்டது என்றுதான் எனக்குப் படுகிறது. தொலைத்தது ஊரார் பணம் என்ற நினைப்பு வந்ததும், விடிவதற்குள் அதைத் திரும்பப் பிடித்துவிட வேண்டும் என்ற வேகம் வருகிறதா இல்லையா? விட்டதைப் பிடிக்க ஆடும்போதுதான் பெரிதாக விடுவது. உங்கள் குற்றவுணர்வு உங்களை ஒரு மாதமும் நிறுத்தவில்லை. மூன்று மணிக்கு மறுபடி போனை எடுக்க வைத்திருக்கிறது.

எங்கள் சித்தப்பா சீட்டாடியவர். இனிமேல் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்வார். அழுதுகொண்டே செய்வார், பொய்யாக அல்ல. சத்தியம் செய்த மாதங்களில்தான் அதிகம் விட்டார் என்று சித்தி சொல்வார். ஒரு கட்டத்தில் சித்தி சத்தியம் கேட்பதை விட்டுவிட்டார். சம்பளக் கவரைக் கேட்டார். வாசலிலேயே. ஆட்டம் அடியோடு நிற்கவில்லை, ஆனால் குடும்பம் நின்றது. உங்கள் கடிதத்தைப் படித்ததிலிருந்து அந்தக் கவர்தான் கண்முன் நிற்கிறது.

சூது என்றாலே தருமனை இழுத்துவருவது நம் வழக்கம். உங்களுக்கு அந்த உதாரணம் பொருந்தாது. அவரிடம் வைத்தாட நாடு இருந்தது. எதிரில் சகுனியின் முகமாவது இருந்தது. உங்கள் எதிரில் இருப்பது ஒரு கணக்கு. நூறு போட்டால் சராசரியாக 95 திருப்பித் தரும் ஆட்டம் என்று வைத்துக்கொள்வோம். தாராளமாகத் தெரியும். ஆனால் வந்ததை யாரும் எடுத்து வைப்பதில்லை, மறுபடி போடுகிறோம். அப்படி 20 சுற்று போனால் நூறு சராசரியாக 36 ஆகியிருக்கும். 40 சுற்றில் 13. இடையிடையே ஜெயிப்பதெல்லாம் இதற்குள் அடக்கம். எப்போது வரும் என்று தெரியாத பரிசுக்காக ஓர் உயிர் சலிக்காமல் பொத்தானைத் தட்டிக்கொண்டே இருக்கும் என்பதை ஸ்கின்னர் என்ற உளவியலாளர் புறாக்களையும் எலிகளையும் வைத்துக் காட்டியது போன நூற்றாண்டில். மூன்றாவது படம் ஒரு கட்டம் தள்ளி நிற்கிறதே, 'அடடா, மயிரிழையில் போச்சு' என்கிறோமே, அதுவும் தோல்விதான்; மூளை அதைப் பாதி வெற்றியாக எடுத்துக்கொள்கிறது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1980லேயே விட முடியாத சூதாட்டத்தை நோய்ப் பட்டியலில் சேர்த்துவிட்டது. 2013ல் மது, போதைப்பொருள் அடிமைத்தனம் இருக்கும் அதே பிரிவுக்கு மாற்றியது. ஒழுக்கக் கேடு என்று நீங்கள் பெயர் வைத்திருப்பதற்கு மருத்துவத்தில் வேறு பெயர், சிகிச்சையும் உண்டு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உங்கள் ஆசையை முட்டாள்தனம் என்று நான் நினைக்கவில்லை. அளந்து வரும் தொகையில் மாதம் கொஞ்சம் மிச்சம் பிடித்தால் எத்தனை வருடத்தில் என்ன மாறும்? ஒன்றும் மாறாது. ஒரே அடியில் வந்தால்தான் மாறும் என்று தோன்றுவது, குறைந்த பணத்தில் வாழ்கிறவருக்கு ரொம்ப இயல்பு. ஆனால் ஒரு விஷயம் கவனித்தீர்களா? வருமானமும் சேமிப்பும் பார்த்துத் தரப்படும் உதவித்தொகைகளில், பெரிதாக ஜெயித்தால் அதுவும் கணக்கில் வந்து தொகை குறையலாம், நிற்கவும் செய்யலாம். தோற்றால் யாரும் ஈடுகட்டப் போவதில்லை. ஜெயித்தாலும் குறையும், தோற்றாலும் குறையும்.

இனி கவர். உங்கள் மாதத்துக்கு முப்பது நாள் இல்லை, ஒரே ஓர் இரவுதான் இருக்கிறது. அந்த இரவில் பணம் உங்கள் விரலுக்கு எட்டக்கூடாது, அவ்வளவுதான் ஏற்பாடு. வாடகையும் மின்கட்டணமும் பணம் விழும் அன்றே தானாகக் கழியும்படி வங்கியில் சொல்லிவைக்கலாம். சூதாட்டத் தளங்களுக்குப் பணம் போகாமல் தடுக்கும் வசதி பல வங்கிகளில் உண்டு, கேளுங்கள். ஆட்டத் தளங்களிலேயே 'என்னை உள்ளே விடாதே' என்று பதிவு செய்துகொள்ளும் ஏற்பாடும் பல இடங்களில் இருக்கிறது. தொகையை இரண்டு தவணையாகவோ, வாடகையை நேராக வீட்டுக்காரருக்கோ அனுப்ப முடியுமா என்று உதவித்தொகை அலுவலகத்தில் விசாரியுங்கள். காரணம் சொல்லக் கூச்சமாக இருந்தால் 'செலவைச் சமாளிக்க முடியவில்லை' என்றால் போதும், அது பொய்யும் அல்ல. இவை ஒவ்வொன்றிலும் ஓட்டை உண்டு. நள்ளிரவில் உங்கள் மூளை அதைக் கண்டுபிடித்துவிடும். அதனால்தான் ஒரு மனுஷியும் வேண்டும் என்கிறேன்.

கடிதத்தில் இல்லாத ஒன்றைக் கேட்கிறேன். கால்கள் நிலைகொள்ளாமல் தவிப்பதற்கோ நடுக்கத்துக்கோ பிராமிபெக்சால், ரோபினிரோல் மாதிரி மாத்திரை ஏதாவது எடுக்கிறீர்களா? சிலருக்கு அவை சூதாடும் வேகத்தைக் கிளப்பிவிடும். அப்படி இருந்தால் நீங்களாக நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

எழுந்திருக்கவே வேண்டாம் என்று தோன்றுவதை ஒரே வரியில் எழுதிவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டீர்கள். என்னால் போக முடியவில்லை. சூதில் இருப்பவர்களுக்கு இந்த எண்ணம் அடிக்கடி வருகிறது, அது ஆபத்தானது. இதை மருத்துவரிடம் இதே வார்த்தைகளில் சொல்லுங்கள், இந்த வாரமே. மறுபடி தோன்றுகிற அந்த நேரத்தில் தனியாக இருக்காதீர்கள். எந்த மணியானாலும் தங்கையைக் கூப்பிடுங்கள், அல்லது அவசர உதவி எண்ணை.

இதே பழக்கத்திலிருந்து வெளியே வர முயல்பவர்கள் ஒன்றுகூடிப் பேசும் குழுக்கள் 1957ல் லாஸ் ஏஞ்சல்ஸில் தொடங்கி இன்று பல நாடுகளில் இருக்கின்றன. இணையத்திலும் கூடுகிறார்கள், பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. எனக்கு எழுதும்போது பெயரை மறைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னீர்களே, அங்கேயும் அப்படிச் சொல்லலாம்.

தங்கைக்கு முழுக்கதையும் ஒரே நாளில் தெரிய வேண்டியதில்லை. எழுந்திருக்க வேண்டாம் என்று தோன்றுவதை மட்டும் மறைக்காதீர்கள். மற்றபடி நாலாம் தேதி சாயங்காலம் போய், "இந்த கார்டும் போனும் நாளை மதியம் வரை உன்னிடம் இருக்கட்டும்" என்று கொடுங்கள். ஏன் என்று கேட்பாள். "சூதாடித் தொலைத்துவிடுகிறேன்" என்று அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லுங்கள், மீதியை அவள் கேட்கக் கேட்கச் சொல்லிக்கொள்ளலாம். தூக்கம் வராது. அன்றிரவு முடிந்தால் அவள் வீட்டிலேயே படுத்துக்கொள்ளுங்கள்.

ஆறாம் தேதி எனக்கு ஒரு வரி எழுதுங்கள். எப்படிப் போயிருந்தாலும்.

அன்புடன்,
அக்கா